வெள்ளிக் கையும் வேலை செய்யும் கையும்

சகோதர சகோதரிகளே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

வேளாங்கண்ணிக்குப் போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அங்கே கடைகளில் வெள்ளித் தகட்டில் அடித்த கண், கை, கால் எல்லாம் விற்பார்கள். எந்த உறுப்புக்குச் சுகம் வேண்டுமோ அதை வாங்கிக் காணிக்கையாகப் போடுவார்கள். மெதடிஸ்ட்காரன் வேளாங்கண்ணியில் ஆரம்பிக்கிறானே என்று முன்வரிசையில் இரண்டு பேர் புருவத்தைத் தூக்குகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள், ஐயா.

கிரேக்க நாட்டுக் கொரிந்து பட்டணத்திலும் இந்த வழக்கம் இருந்தது. அஸ்கிலேபியஸ் என்ற வைத்தியத் தெய்வத்தின் கோயில் இருந்த இடத்தைத் தோண்டியபோது, சுடுமண்ணில் செய்த கைகளும் கால்களும் காதுகளும் குவியலாகக் கிடைத்தன. கொரிந்து சபைக்குக் கடிதம் எழுதிய அப்போஸ்தலன் பவுலுக்கு அவை சில நூற்றாண்டுகள் முந்தியவை. அவற்றைப் பார்த்துத்தான் எழுதினார் என்று சாதிக்க நான் வரவில்லை. ஆனால் 'சரீரம் ஒன்று, அதற்கு அவயவங்கள் அநேகம்' என்ற வசனம் அந்த ஊருக்குத்தான் போனது. தனியாகக் கிடக்கிற கை பார்க்க அழகாக இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரைத் தூக்காது.

கொரிந்தை நமக்குப் புரிந்துகொள்வது சுலபம். அது துறைமுக ஊர். மேற்குக் கடலுக்கு லெகேயம், கிழக்குக் கடலுக்குக் கெங்கிரேயா என்று இரண்டு துறைமுகங்கள். கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் மறுபடி குடியேற்றிய ஊர். அங்கே பலர் பிழைக்க வந்தவர்கள், நம் தாத்தாக்களைப் போல. சபைக்குள்ளோ நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று கட்சி. நாமும் சளைத்தவர்கள் இல்லை. இந்தச் சிங்கப்பூரில், ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட், டோர்செட் சாலையில் ஆங்கிலிக்கன் கிறிஸ்து ஆலயம், ஓஃபிர் சாலையில் 1888-இல் எழுந்த லூர்து மாதா ஆலயம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. ஆனாலும் நம்மில் எத்தனை பேர் மற்ற இரண்டுக்குள்ளும் கால் வைத்திருக்கிறோம்?

சரி, வரங்களுக்கு, அதாவது பரிசுத்த ஆவியானவர் தரும் திறமைகளுக்கு, வருவோம். கொரிந்தில் மவுசு அந்நிய பாஷைக்கு, ஆவியில் நிறைந்து புரியாத மொழியில் பேசுவதற்கு. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 12-ஆம் அதிகாரத்தில் பட்டியல் போடும்போது அதைக் கடைசியில் வைக்கிறார். அதற்கு முன்னால் நாம் வேகமாகப் படித்துத் தாண்டிவிடும் இரண்டு சொற்கள்: 'ஊழியங்கள், ஆளுகைகள்'. முதலாவதன் கிரேக்கச் சொல்லுக்குக் கைகொடுத்து உதவுவது என்று பொருள். இரண்டாவது மாலுமியின் சொல், சுக்கான் பிடிப்பது. கப்பலில் பாட்டுப் பாடுகிறவரைப் பயணிகள் பார்ப்பார்கள். சுக்கான் பிடிக்கிறவரைத் தேடுவது பாறை தென்படும்போதுதான். நம் சபையில் கணக்கு எழுதும் அண்ணனும், ஒலிபெருக்கியைச் சரிபார்க்கும் தம்பியும், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் பாட்டிக்குக் கஞ்சி கொண்டுபோகும் அக்காவும் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறார்கள். மேடையேறியவனுக்குத்தான் தாலந்து என்று நினைப்பது கொரிந்துக்காரன் புத்தி. மைக்கைப் பிடித்துக்கொண்டு நானே இதைச் சொல்வது வேடிக்கைதான்.

எனக்கு உறுத்துகிற பகுதி அதற்கு முந்தின அதிகாரத்தில் இருக்கிறது. இயேசுவை நினைத்துச் சபை கூடிச் சாப்பிடும் கர்த்தருடைய பந்திக்கு வசதியானவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிடுவார்கள். ஒருவன் பசியாயிருக்க ஒருவன் குடித்து வெறியாயிருக்கிறான் என்று பவுல் கொதிக்கிறார். அப்புறம் அவர் கொடுக்கிற தீர்வு பெரிய தத்துவம் ஒன்றுமில்லை: 'ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.' அவ்வளவுதான்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துவாஸ் தொழிலாளர் விடுதியிலிருந்து வரும் தம்பிகள் ஓவர்டைம் முடித்துவிட்டு ஒன்றரை மணிக்கு வந்தார்கள். பிரியாணி அண்டாவில் பட்டையும் கிராம்பும்தான் மிச்சம். பரிமாறின கமிட்டியில் நானும் ஒருவன். அவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "பரவாயில்லை அண்ணே, டீ போதும்" என்றார். சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவாமல் நாங்கள் பேசிக்கொண்டிருக்க, அதே தம்பிகள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த அண்டாவைத் தேய்த்தார்கள். அன்று காலை ஆராதனையில் நான் வாசித்த பாடம் எது தெரியுமா? கண்ணானது கையைப் பார்த்து நீ எனக்கு வேண்டுவதில்லை என்று சொல்லக்கூடாது.

இன்று எனக்குக் கொடுத்தது இருபது நிமிடம். ஆனால் இன்னும் பத்து நிமிடம் இழுக்கச் சொல்லிச் சமையலறையிலிருந்து சீட்டு வந்திருக்கிறது. துவாஸ் தம்பிகள் வரும் பஸ் இப்போதுதான் ஜூரோங்கைத் தாண்டியிருக்கிறதாம். அண்டா மூடியைத் திறக்கவில்லை. கீபோர்டு தம்பி, எல்லாருக்கும் தெரிந்த பாட்டாக ஒன்று எடுங்கள்.