கழுத்தில் விழும் சாட்டையடி

நேயர்களுக்கு வணக்கம். சம்பா அறுவடை நாள்களில் மன்னார்குடிச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும்: பாதித் தார்ச்சாலையில் நெல் காய்ந்துகொண்டிருக்கும், முன்னால் போகும் கார் சட்டென்று நிற்கும், பின்னால் வரும் வேன் அதன்மேல் இடிக்கும். பம்பர் நசுங்கியதோடு போயிற்று என்று இறங்கிப் பேசி வீடு திரும்பியவருக்கு, மறுநாள் காலையில் பல் துலக்கக் குனியும்போதுதான் கழுத்து பிடித்துக்கொண்டிருப்பது தெரியும்.

பின்னாலிருந்து இடி விழும்போது உடம்பை இருக்கை முன்னே தள்ளுகிறது. ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள தலையோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட ஏழு கழுத்தெலும்புகள் அரை நொடிக்குள் வளைந்து திரும்புவதில் தசையும் தசைநாரும் சிறு மூட்டுகளும் இழுபடுகின்றன. சொடுக்கிய சாட்டையை ஒத்த இந்த அசைவுக்கு அமெரிக்க எலும்பு மருத்துவர் ஹரோல்ட் குரோ 1928இல் 'விப்லாஷ்' என்று பெயரிட்டார்.

அண்மையில் என்னிடம் வந்த நெல் வியாபாரி ஒருவர், பக்கத்திலிருந்து கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பிப் பார்த்தார். பிடரியில் தொடங்கி உச்சந்தலைக்கு ஏறும் தலைவலி, தோள்பட்டைக் கடுப்பு, கிறுகிறுப்பு, காதில் இரைச்சல், தூக்கமின்மை, கணக்கெழுதும்போது கவனம் சிதறுதல் என்று அவர் சொன்ன ஒவ்வொன்றும் இக்காயத்தின் அறிகுறியே. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் வீட்டார் அவர் சொன்னதை நம்பவில்லை; எலும்பைக் காட்டும் படத்தில் தசைநாரின் காயம் தெரியாதது இயல்பே.

இரட்டைப் பிள்ளை பெற்றவரிடம் எண்ணெய் தடவி வழித்துக்கொள்ளும் நம் பக்கத்து வழக்கத்தோடு, மெல்லத் தடவும் வரையில், எனக்குச் சண்டையில்லை. ஆனால் சுளுக்கு எடுப்பதாகக் கழுத்தை வெடுக்கென்று திருப்பவோ, சலூனில் நெட்டி முறிக்கவோ ஒருபோதும் இடங்கொடுக்காதீர்கள். கையில் மரமரப்போ வலுக்குறைவோ இருந்தாலும், நடை தள்ளாடினாலும், சிறுநீர் கட்டுக்குள் நிற்காவிட்டாலும், கழுத்தின் நடு எலும்பைத் தொட்டதும் கடுமையாக வலித்தாலும், கழுத்தை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இத்தகைய ஆபத்து இல்லையென்று மருத்துவர் உறுதி செய்தபின், கழுத்துப்பட்டை மாட்டிக்கொண்டு வாரக்கணக்கில் படுத்திருப்பதைவிட, வலி பொறுக்கும் அளவுக்குக் கழுத்தை மெல்ல அசைத்து அன்றாட வேலையைத் தொடர்வதே நல்லது. பலருக்குச் சில வாரங்களில் குணமாகிறது, சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கிறது. காரில் இருக்கையின் தலைசாய்ப்பானைப் பிடரி மட்டத்திலேயே விட்டுவைக்காமல் உச்சந்தலை உயரத்துக்கு ஏற்றி, தலையை ஒட்டி இருக்குமாறு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வியாபாரியின் காரில் அது பின்னிருக்கையில் கழற்றிப் போடப்பட்டிருந்தது.