எலி வளையும் வாடகையும்

எல்லாருக்கும் வணக்கம். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சொல்வார்கள். சொன்னவர் அந்த வளைக்குள் ஈரம் இறங்குகிறதா, குட்டிகள் எத்தனை, மாதம் பிறந்தால் வாடகை எவ்வளவு என்றெல்லாம் விசாரித்ததாகத் தெரியவில்லை. இன்றைக்கு நான் பேச வந்திருப்பது அதைப் பற்றித்தான்.

வீட்டுப் பிரச்சினை எப்போதும் வேறு வேடம் போட்டுக்கொண்டுதான் வெளியே வரும். டாக்டரிடம் போகும்போது அது தீராத இருமல். பள்ளிக்கூடத்தில் அது முதல் பீரியடிலேயே தூங்கி விழும் பையன். டாக்டர் மருந்து எழுதுகிறார், டீச்சர் அம்மாவை வரச் சொல்கிறார், படுக்கைக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பூத்திருக்கும் பூஞ்சையை இரண்டு பேருமே பார்த்ததில்லை. அந்தப் பூஞ்சைதான் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். நெருக்கியடித்துப் படுக்கும் அறையில் ஒருவருக்குக் காசநோய் என்றால் மற்றவர்களுக்கும் தொற்றுவது சுலபம். பழைய பெயிண்டில் ஈயம் இருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் ஒரே அளவு ஈயம் உள்ளே போனாலும் பெரியவர்களைவிடச் சின்னக் குழந்தையின் உடம்பு நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும், உதிர்ந்த சில்லைப் பொறுக்கி வாயில் போடுகிற வயதும் அதுதான்.

நெரிசலுக்கு ஐ.நா. வாழ்விடத் திட்டம் வைத்திருக்கும் அளவு, ஓர் அறைக்கு மூன்று பேருக்கு மேல் கூடாது என்பது. என்னைக் கேட்டால் மூன்றே அதிகம். அப்பா இரவு வேலை முடிந்து பகலில் தூங்க வேண்டும், கைக்குழந்தை அழ வேண்டும், பத்தாவது படிக்கிறவள் கணக்குப் போட வேண்டும், எல்லாம் அந்த ஒரே அறையில். அப்புறம் அந்த வீட்டில் சண்டை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சரி, பெரிய வீட்டுக்குப் போகலாமே என்பீர்கள். வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வாடகை இருந்தால் தாங்கலாம் என்று ஒரு கணக்கு பல நாடுகளில் புழங்குகிறது. எனக்கு அந்தக் கணக்கின் மேல் பெரிய மரியாதை கிடையாது. தனி ஆளுக்கு மீதி 70 போதும், அதே சம்பளத்தில் மூன்று பிள்ளைகளை வளர்க்கிறவருக்கு அந்த 70 எந்த மூலைக்கு? வாடகையைக் குறைத்துக் கொடுக்க முடியாது. சாப்பாட்டைக் குறைக்கலாம், பல் வலியைத் தள்ளிப்போடலாம், இன்னொரு வேலைக்குப் போகலாம், அதாவது பிள்ளை தூங்கிய பிறகு வீடு திரும்பலாம். அதற்கும் முடியாதபோது வீட்டைக் காலி செய்கிறார்கள். கூடவே பள்ளிக்கூடமும் சிநேகிதர்களும் மாறிப்போகும்.

இதிலே வயது ரொம்ப முக்கியம். அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை ஐந்து நகரங்களில் ஒரு பரிசோதனை நடந்தது. கடும் வறுமையான பகுதிகளில் அரசுக் குடியிருப்புகளில் இருந்த சுமார் 4,600 குடும்பங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் சிலருக்கு மட்டும், வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி கொடுத்தார்கள். பல வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, 13 வயதுக்கு முன்னால் அப்படி இடம்பெயர்ந்த பிள்ளைகள், உதவி கிடைக்காத குடும்பத்துப் பிள்ளைகளைவிட இருபதுகளின் நடுவில் 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். 13 தாண்டிப் போனவர்களுக்கு அந்த லாபம் இல்லை. பயனாளிகள் பட்டியலில் உங்கள் பெயர் பத்து வருடத்தில் வரும் என்று ஒரு குடும்பத்திடம் சொல்வதற்கு என்ன அர்த்தம் என்று இதை வைத்து யோசித்துப் பாருங்கள்.

1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 27-ஆவது பிரிவு, பெற்றோரால் முடியாத இடத்தில் அரசு கைகொடுக்க வேண்டும் என்று சாப்பாடு, துணியோடு சேர்த்து வீட்டையும்தான் சொல்கிறது. சாப்பாட்டுக்குத் திட்டம் போடுகிறவர்கள் மூன்றாவது சொல்லுக்கு வரும்போது மட்டும் ஏனோ வேகம் குறைந்துவிடுகிறார்கள்.

இந்தக் கூட்டத்தில் டாக்டர்களும் டீச்சர்களும் இருக்கிறீர்கள். அடுத்த முறை அந்த இருமலும் அந்தத் தூக்கமும் உங்களிடம் வந்தால், ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்: ராத்திரி எங்கே படுக்கிறாய், பக்கத்தில் எத்தனை பேர்? நன்றி, இனி நீங்கள் கேட்கலாம்.