வெளுத்ததெல்லாம் பாலா?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, என்னை அன்போடு அறிமுகம் செய்துவைத்த செயலாளர் அவர்களே, மேடையை அணிசெய்யும் மருத்துவப் பெருமக்களே, வேலைநாள் மாலையிலும் அரங்கை நிறைத்திருக்கும் தாய்மார்களே, அனைவர்க்கும் வணக்கம். இறக்குமதிப் பாலில் கலந்திருக்கக்கூடிய கதிரியக்கப் பொருள்களில் எதை அளப்பது, எப்படி அளப்பது, எத்தனை ஆண்டுகள் அளந்துகொண்டிருப்பது என்னும் மூன்றையும் சொல்ல வந்திருக்கிறேன்.

1986 ஏப்ரல் 26 அன்று சோவியத் ஒன்றியத்தின் செர்னோபில் அணுமின் நிலையத்தில் நான்காம் உலை வெடித்தபோது வெளியேறிய கதிரியக்கப் பொருள்களில் அயோடின்-131, எட்டு நாளுக்கொருமுறை பாதியாகத் தேய்ந்து சில மாதங்களில் மறைந்தது. சீசியம்-137 பாதியாவதற்கோ 30 ஆண்டுகள் வேண்டும்; ஆகவே அதை அளப்பதும் பல்லாண்டுகள் தொடர வேண்டும். அது புல்வழியே பசுவுக்குள் போய்ப் பாலில் கலந்தது. நிறமோ மணமோ சுவையோ அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பாதே என்றனர் நம் முன்னோர்.

ஜெர்மனியின் பவேரியாவில் நடந்ததைக் கேளுங்கள். பாலாடைக்கட்டி எடுத்தபின் எஞ்சும் தெளிநீரில்தான் சீசியம் தங்கும். கொழுப்போடு அது போவதில்லை. அந்தத் தெளிநீரைக் காய்ச்சிப் பொடியாக்கினார்கள். நீர் போயிற்று, சீசியம் செறிந்து நின்றது. ஏறத்தாழ 5,000 டன் பொடி ரயில் பெட்டிகளில் ஏறியது. 1987 தொடக்கத்தில் அதில் ஒரு பகுதி பிரேமன் துறைமுக நகரில் பிடிபட்டபோது, அது ஆப்பிரிக்காவுக்குப் போகவிருந்தது என்று செய்தி வெளியானது. சொந்த நாட்டார் வேண்டாமென்றது அங்குள்ள ஏழைக் குழந்தையின் கிண்ணத்துக்கு ஆகுமா? முடிவில் அரசே அதை ஏற்று, அந்நாட்டின் லிங்கென் நகரில், கரைசலிலுள்ள சீசியத்தைப் பிசின் போன்ற பொருளில் ஒட்டவைக்கும் அயனிப் பரிமாற்ற முறையில் சீசியத்தைப் பிரித்தெடுத்தது. அதே காலத்தில் மும்பைக்கு வந்த அயர்லாந்து வெண்ணெயின் கதிரியக்கத்தைப் பற்றிய வழக்கில், நிபுணர் குழுவின் அறிக்கையைப் பெற்று, 1988இல் நம் உச்சநீதிமன்றம் விற்பனையை அனுமதித்தது. வெண்ணெய் கொழுப்பு, தெளிநீர்ப் பொடியின் கதை வேறு. வெளுத்ததெல்லாம் பால் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அளக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஈயக் கவசத்துக்குள் பொடியை வைத்துக் காமாக் கதிர்களை எண்ணினால், சீசியம்-137 தன் அடையாளத்தை 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்னும் ஆற்றல் அளவில் காட்டும். எந்தப் பாலிலும் இயற்கையாகவே உள்ள பொட்டாசியம்-40 தன் அடையாளத்தை 1461இல் காட்டும். ஆகவே "கதிரியக்கம் இல்லை" என்று எழுதித் தரும் சான்றிதழ் எந்தப் பாலுக்கும் பொருந்தாது. எதில் எத்தனை பெக்கரல், அதாவது நொடிக்கு எத்தனை அணுக்கள் சிதைகின்றன என்பதே கேள்வி. 1986இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் பாலுக்கும் குழந்தை உணவுக்கும் சீசிய வரம்பாகக் கிலோவுக்கு 370 பெக்கரல் என்றும் பிற உணவுகளுக்கு 600 என்றும் வகுத்தது. அந்த எண்களை அன்று எவரும் படிக்க முடிந்தது.

தலைவர் அவர்கள் இன்று முன்மொழியவிருக்கும் தீர்மானத்தில் ஒரு வரியைச் சேர்க்க வேண்டுகிறேன்: துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொரு பால்பொடிச் சரக்குக்கும், அளந்து கண்ட சீசிய அளவை வரம்பின் அருகில் தமிழில் அச்சிட்டு, கடைவாசலில் ஒட்ட வேண்டும்.