படகுக்கு 9.9 எச்பி மோட்டார் போதும் மக்கா, ஆனா வயர்ல கஞ்சத்தனம் பண்ணாதிய!

வணக்கம் மக்கா! கச்சான் காத்து விடாம அடிக்கு, மைக்ல இரைச்சலாத்தான் இருக்கும், பொறுத்துக்கிடுங்க. கடலுக்குப் போகல. அதான் உக்காந்து பேசிருவோம்னு வந்துட்டேன்.

முதல்ல பஞ்சாயத்த முடிச்சிருதேன். புது மோட்டார் வந்தாச்சு. 9.9 எச்பி, ஃபோர் ஸ்ட்ரோக், பெட்ரோல். "15 எடுக்காம ஏம்ணே இத எடுத்திய"ன்னு ஆளாளுக்குக் கேக்காவ. நம்ம படகு 24 அடி பைபர். ரெண்டு பேரு, நண்டு வலை, ஒரு ஐஸ் பொட்டி. இதுக்கு எதுக்கு 15? யாருகூட ரேஸ் விடப் போறேன்? இதுல ஒரு கூத்து தெரியுமா, சில மாடல்ல 9.9-உம் 15-உம் ஒரே இன்ஜின் பிளாக்தான், எடைகூட ஏறக்குறைய ஒண்ணுதான். 15-ன்னா கரைக்கு வார நேரம் மிச்சமாகும், ஒத்துக்கிடுதேன். ஆனா பெட்ரோலு யாரு போடுதது?

டீசல் ஆளுங்க சண்டைக்கு வருவிய, தெரியும். கணக்குப் பாத்தா டீசல்தான் லாபம், அதுல மாத்துப் பேச்சே கிடையாது. மீனவங்களுக்கு விற்பனை வரி இல்லாத டீசல் கிடைக்கு, பெட்ரோலுக்கு நான் பங்க்ல முழு விலை குடுக்கணும். ஆனா அந்த நீளத் தண்டு டீசல் இன்ஜின் சத்தம் இருக்கே! பழைய வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும், நான் பேசுதது ஒரு எழுத்துகூட விளங்காது. எங்க அப்பாவுக்கு காது மந்தமானதுக்கு அதுவும் ஒரு காரணம்னு நான் நம்புதேன். எனக்கு வேண்டாம்பா. டூ ஸ்ட்ரோக் எடை கம்மி, ஆனா பெட்ரோல்ல ஆயில் கலந்துக்கிட்டே கிடக்கணும், குடிக்கிறதும் ஜாஸ்தி. அதுவும் வேண்டாம்.

பேட்டரி மோட்டார் கேட்ட தம்பி, கணக்கு இங்க இருக்கு. ஒரு எச்பி 746 வாட். 9.9-ன்னா ஏழே கால் கிலோவாட்டுக்கு மேல. 12.8 வோல்ட், 100 ஏஎச் (ஆம்பியர் அவர்) லித்தியம் பேட்டரிக்குள்ள இருக்கது 1.28 யூனிட். புல்லா முறுக்குனா பத்து நிமிஷம், அவ்வளவுதான். காயல்ல, குளத்துல மெதுவா போக நல்லாருக்கும். நம்ம கடலுக்கு ஆகாது.

எச்பிய விட முக்கியம் தண்டு நீளம், அதான் மோட்டார்ல இருந்து கீழ ப்ரொப்பல்லர் விசிறிக்கு இறங்குத பாகம். யாருமே இதக் கேக்க மாட்டீங்க! 15 இஞ்ச் ஷார்ட், 20 இஞ்ச் லாங். மோட்டார் மாட்டுத பின்பலகைய நடுவுல டேப் வச்சு, மேல இருந்து அடிவரைக்கும் அளந்துட்டுக் கடைக்குப் போங்க. ப்ரொப்பல்லருக்கு மேல ஒரு தகடு இருக்குல்லா, அது படகோட அடிமட்டத்துக்குச் சமமா, இல்ல கொஞ்சம் கீழ நிக்கணும். தண்டு குட்டையாப் போச்சுன்னா அலை தூக்குதப்ப ப்ரொப்பல்லர் காத்த இழுக்கும், இன்ஜின் சும்மா அலறும், படகு நகராது.

இப்ப நான் கடுப்பான விஷயத்துக்கு வாறேன். வயர்!

கடல்ல சாதா செம்பு வயர் போட்டா உப்புக்காத்து இன்சுலேஷனுக்குள்ள ஏறி பச்சை பூத்துரும், வயர் உள்ளயே செத்துரும். வெள்ளீயம் பூசின செம்பு வயர் வேணும், வெட்டுனா உள்ள வெள்ளியா இருக்கும். நான் வாங்கப் போனப்ப 4 ஸ்கொயர், அதான் செம்போட வெட்டுப்பரப்பு 4 சதுர மில்லிமீட்டர், சாதா வயர் மீட்டருக்கு 70 ரூவா. ஈயம் பூசினது எவ்வளவு சொன்னாங்க தெரியுமா? 190! மீட்டருக்கு! ஒரு கடையில "எல்லாம் ஒரே செம்புதான் தம்பி"ன்னு சாதா வயரையே 150-க்குத் தள்ளப் பாத்தாங்க. நகம் வெட்டிய எடுத்து அங்கயே முனையச் சீவிக் காட்டுனேன், மஞ்சச் செவப்பா பல்ல இளிக்கு. கல்லாவுல இருந்தவருக்குப் பேச்சே இல்ல. அந்தச் சந்தோசத்துக்கே 190 குடுக்கலாம். ஆனா குடுக்கல. இன்னொரு அண்ணாச்சி சுருள்ல மிச்சம் கிடந்தத 120-க்குத் தந்தாவ. 120! பில்லு காட்டுதேன் பாருங்க... எங்க வச்சேன்... சரி, அப்புறம்.

தடிமனும் முக்கியம். பேட்டரி பின்னால, வயர்லெஸ் செட் முன்னால, நடுவுல 7 மீட்டர். போக வர 14. பேசுததுக்கு மைக்க அமுக்குனா செட் 5, 6 ஆம்பியர் இழுக்கும். 1.5 ஸ்கொயர் வயர்ல ஒரு வோல்ட் வழியிலயே போயிரும். 4 ஸ்கொயர்ல அரை வோல்ட்கூட போகாது. மைக்க அமுக்குனதும் ஜிபிஎஸ் அணைஞ்சு அணைஞ்சு வருதுன்னு ஒருத்தர் கேட்டியளே, முதல்ல வயரையும் ஜாயிண்டையும் பாருங்க.

பேட்டரி 60 ஏஎச் போதும். ஜிபிஎஸ், மீன் பாக்குத கருவி, வயர்லெஸ், லைட் எல்லாம் சேத்து சராசரி 2 ஆம்பியர். 12 மணி நேரத்துக்கு 24. லெட் ஆசிட் பேட்டரிய பாதிக்கு மேல இறக்கக் கூடாது, அதான் 60. ஆங், மறந்துட்டேன், மோட்டார் பேச்சுலயே சொல்லிருக்கணும்: கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுத மாடல் வாங்குதவங்க சார்ஜ் ஆகுமான்னு கேளுங்க. சிலதுல லைட்டிங் காயில் மட்டும்தான் இருக்கும், ஏசி கரண்டுதான் வரும். அத பேட்டரிக்கு ஏத்த டிசியா மாத்துத ரெக்டிபயர் ரெகுலேட்டர் தனியா வாங்காம பேட்டரியில மாட்டக் கூடாது.

மீன் பாக்குத கருவி அனுப்புத ஒலி அலை 200 கிலோஹெர்ட்ஸ் போதும், நம்ம போறது பதினஞ்சு பாகம் இருவது பாகம் ஆழம்தான், ஒரு பாகம் சுமாரா ஆறு அடி. 50 கிலோஹெர்ட்ஸ் ஆழ்கடல்காரங்களுக்கு. எல்இடி போட்டு மீன் கூட்டலாமான்னு கேட்டவரே, 2017-லயே மத்திய அரசு தடை பண்ணியாச்சு, என்னைய வம்புல மாட்டி விடாதிய.

ஆனா வழி விளக்கு போட்டே ஆகணும். வலப்பக்கம் பச்சை, இடப்பக்கம் சிவப்பு, மேல சுத்தித் தெரியுத வெள்ளை. துறைமுகத்துக்கு வார கப்பலுக்கு நம்ம ஒரு பொட்டு மாதிரிகூடத் தெரிய மாட்டோம். வயர்லெஸ்ல ஆபத்துக்குக் கூப்பிடுத 16-ஆம் சேனல் எப்பவும் ஓடணும். போன் கிடைக்கிற தூரத்துல கோஸ்ட் கார்டு 1554.

ஃபியூஸ்! சொல்லாம விட்டுட்டேன் பாத்தியளா. பேட்டரி பிளஸ்ஸுல இருந்து ஒரு சாணுக்குள்ள மெயின் ஃபியூஸ். அங்கன முன்னால பேனல்ல மட்டும் வச்சா, நடுவழியில வயர் உரசித் தீப்பிடிச்சா அது காப்பாத்தாது, பெட்ரோல் டேங்க் வேற பக்கத்துல இருக்கு. ஏ, பில்லு கிடைச்சிருச்சு! இந்தா, மீட்டர் 120, நல்லா பாத்துக்கிடுங்க. 20 மீட்டர் 2,400. கடை பேரக் கேக்காதிய, அந்தச் சுருள்ல இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு, அத நான்தான் எடுக்கப் போறேன்.