பேஸ் கோட், டாப் கோட், ஒரு ஃபைல்: வீட்டுலயே கம்மி செலவுல நகம் பண்ணிக்கலாம்

வணக்கம் மக்களே! இன்னைக்கு என் முகத்த விட கையத்தான் அதிகமா பாக்கப் போறீங்க. கேமராவ மேஜைக்கு மேல கவுத்து மாட்டியிருக்கேன். விரல் தெளிவா தெரியுதுல்ல? சரி, ஆரம்பிச்சுடலாம்.

மொதல்ல காசு விஷயம். நெறைய பேர் இருக்கற காச பூரா கலர்லயே போட்டுடுறாங்க. பெட்டி நெறைய கலர் பாட்டில் இருக்கும், கலருக்கு அடியில போடற பேஸ் கோட் ஒண்ணு இருக்காது. நான் இத அப்படியே திருப்பிப் போடச் சொல்வேன். பேஸ் கோட், கலருக்கு மேல போடற டாப் கோட், நகத்தத் தேச்சு வடிவமாக்கற ஒரு நல்ல ஃபைல், இந்த மூணும் கொஞ்சம் தரமா வாங்குங்க. கலர் எவ்ளோ விலை கம்மியா இருந்தாலும் ஓகே. ஏன்னா நகத்த இறுக்கிப் பிடிச்சுக்கறது பேஸ் கோட்டு. வெளியில இடி வாங்கறது டாப் கோட்டு. பாலிஷ் நாலு நாள் நிக்குமா நாளைக்கே பேந்துடுமாங்கறத இந்த ரெண்டும்தான் பெரும்பாலும் முடிவு பண்ணுது.

அதுவும் அடர் சிவப்பு, அடர் நீலம்லாம் பேஸ் கோட் இல்லாம போட்டா, அந்த நிறம் நகத்துலயே ஊறி மஞ்சளா கறை நின்னுடும். அதப் போக்குறேன்னு சுரண்டாதீங்க. நகந்தான் மெலிசாகும். வளந்து வெளிய போற வரைக்கும் விட்டுடணும். கை நகம் மாசத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். அடியிலேர்ந்து நுனி வரைக்கும் புது நகமா மாற கிட்டத்தட்ட 6 மாசம் ஆகும். கால் நகத்துக்கு ஒரு வருஷத்துக்கு மேலயே ஆகும்.

இப்ப பழைய பாலிஷ எடுக்கறேன். பஞ்ச ரிமூவர்ல நனைச்சு நகத்து மேல வெச்சு அழுத்திட்டு, சும்மா பத்து எண்ணுங்க. அப்பறம் நுனிப் பக்கமா ஒரே இழுப்பு. பாருங்க, முழுசா வந்துடுச்சு. தேய்க்கவே வேண்டாம். க்ளிட்டரா இருந்தா பஞ்சோட சேத்து விரல அலுமினியம் ஃபாயில்ல சுத்தி அஞ்சு நிமிஷம் விட்டுடுங்க. ஜன்னலத் திறந்து வெச்சுக்கோங்க. ரிமூவர்ல இருக்கற அசிட்டோன் சட்டுனு தீப்பிடிக்கும், அதனால பக்கத்துல அடுப்போ மெழுகுவத்தியோ எதுவும் வேண்டாம்.

அடுத்தது வெந்நீர். பார்லர்ல கைய ஊற வெப்பாங்கல்ல, அது சொகமாத்தான் இருக்கும், ஆனா பாலிஷ் போடறதுக்கு முன்னாடி நான் அதப் பண்ண மாட்டேன். நகம் தண்ணிய உறிஞ்சி உப்பிக்கும். அந்த நேரத்துல பாலிஷ் போட்டா, பின்னாடி நகம் காஞ்சு சுருங்கும்போது மேல இருக்கற பாலிஷ் அது கூட ஒத்துப் போகாது. ஓரத்துல தூக்க ஆரம்பிச்சுடும். ஊற வெக்க ஆசையா இருந்தா மொத நாள் ராத்திரியே முடிச்சுடுங்க.

ஃபைல் பண்றத கிட்ட காட்டறேன், இருங்க. இந்த மோதிர விரல் நுனியப் பாருங்க. தண்ணியில ஊறுன ப்ளைவுட் பலகை ஓரம் மாதிரி அடுக்கடுக்கா பிரிஞ்சிருக்கு, தெரியுதா? நகமே மெல்லிசு மெல்லிசான அடுக்குதான். சொரசொரப்பான ஃபைல முன்னயும் பின்னயும் அரம் போடற மாதிரி இழுத்தா இந்த அடுக்கு பிரியும். அதனால ஓரத்துலேர்ந்து நடுவுக்கு, ஒரே பக்கமா, மெதுவா. ஃபைல் வாங்கும்போது அதுல போட்டிருக்கற நம்பரப் பாருங்க. நம்பர் கூடக் கூட வழவழப்பு. சொந்த நகத்துக்கு 240 நல்லா இருக்கும். 100, 80லாம் செயற்கை நகத்துக்கு. நான் வெச்சிருக்கறது கண்ணாடி ஃபைல். கழுவிக்கலாம், கீழ போட்டு உடைக்காம இருந்தா வருஷக்கணக்கா வரும். கம்மி செலவுன்னா இதத்தான் நான் சொல்வேன்.

நகம் ஆரம்பிக்கற இடத்துல இருக்கற தோல வெட்டாதீங்க, ப்ளீஸ். நகத்து மேலயே ஒட்டிக்கிட்டு ஒரு மெல்லிசு ஜவ்வு இருக்கும் பாருங்க, அது செத்த தோலு. குளிச்சிட்டு வந்தப்ப அத லேசா தள்ளி விட்டா போதும். அதுக்குப் பின்னாடி மடிப்பா இருக்கறது உயிருள்ள தோலு. கிருமி உள்ள போகாம அடைச்சுக்கிட்டு இருக்கறதே அதுதான். அத வெட்டுனா நகச்சுத்தி வர வழி பண்ணிக் குடுத்த மாதிரி.

இப்ப நெறைய பேர் விட்டுடற ஒரு ஸ்டெப். பேஸ் கோட்டுக்கு முன்னாடி, பஞ்சுல கொஞ்சம் ரிமூவர் தொட்டு பத்து நகத்தையும் ஒரு தடவ தொடச்சுடுங்க. பாக்க சுத்தமாத்தான் இருக்கும், ஆனா எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அதுக்கு மேல எந்த விலை பாலிஷும் நிக்காது.

பேஸ் கோட் போட்டுட்டேன். கலருக்கு வர்றேன். பாட்டில உள்ளங்கையில வெச்சு இப்படி உருட்டுங்க. ப்ரஷோட ஒரு பக்கத்த பாட்டில் கழுத்துல வழிச்சுட்டு, இன்னொரு பக்கத்துல சின்னதா ஒரு சொட்டு. அத தோலுக்கு ஒட்டி வெக்காம கொஞ்சம் தள்ளி வெக்கறேன். மெதுவா பின்னாடி தள்ளறேன்... ஒரு மயிரிழை இடம் விட்டு நிறுத்திட்டேன், பாத்தீங்களா? இப்ப நுனி வரைக்கும் ஒரு இழுப்பு. இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு. கடைசியா நகத்தோட விளிம்புலயும், அந்த வெட்டு ஓரத்துலயும், ப்ரஷால ஒரு தடவ. பாலிஷ் மொதல்ல பேக்கறது அந்த ஓரத்துலதான், அதனால அதையும் மூடிடணும். டாப் கோட் போடும்போதும் இதே மாதிரி.

மொதல் கோட் திட்டுத் திட்டா இருக்கா? இருக்கட்டும். மெல்லிசா ரெண்டு கோட், வேணும்னா மூணு. பாலிஷ்ல பெரும்பகுதி கரைப்பான்தான், எத்தில் அசிட்டேட், ப்யூட்டைல் அசிட்டேட் மாதிரி. அது காத்துல ஆவியாகிப் போனாத்தான் மிச்சம் இருக்கறது படலமா நிக்கும். அந்தப் படலத்துக்கு அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். ஒரு காலத்துல காருக்கு அடிச்ச பெயின்ட்லயும் இதேதான், எனக்கு இது ரொம்பப் பிடிச்ச தகவல்! தடியா ஒரே கோட்டா போட்டா மேல மட்டும் காஞ்சு, உள்ள கரைப்பான் மாட்டிக்கும். காலையில எழுந்தா போர்வை தடம் நகத்துல இருக்கும். ஐஸ் தண்ணியில முக்கறதும் இதுக்கு வைத்தியம் கிடையாது. மேல கெட்டியான மாதிரி இருக்கும், ஆனா குளிர்ச்சியில ஆவியாகறது மெதுவாத்தான் நடக்கும். ஃபேன் போட்டு உக்காருங்க, அவ்ளோதான். ஹேர் ட்ரையர்ல சூடு வேண்டாம், பாலிஷ் இளகும்.

டிசைனுக்குத் தனியா சாமான் வாங்க வேண்டாம். புள்ளி வெக்க தலைக்குக் குத்தற ஸ்லைடோட முனை இல்லன்னா தீந்து போன பேனா ரீஃபில். கோடுக்கு செல்லோடேப், ஆனா அடிக் கலர் நல்லா காஞ்சப்பறம்.

பழைய பாட்டில் கெட்டியாயிடுச்சுன்னா தூக்கிப் போடாதீங்க. நெயில் பாலிஷ் தின்னர்னே கிடைக்குது, ரெண்டு மூணு சொட்டு விட்டு உருட்டுங்க. ரிமூவர மட்டும் ஊத்தாதீங்க, அது பாலிஷையே கெடுத்துடும்.

இப்ப ஜெல், அதாவது லேம்ப் வெளிச்சத்துல இறுக வெக்கற பாலிஷ். நெறைய பேர் கேக்கறீங்க, விலை கம்மியான ஜெல் கிட்டும் லேம்ப்பும் வாங்கலாமான்னு. வாங்காதீங்கன்னுதான் நான் சொல்வேன். மிச்சம் பண்ணக் கூடாத இடம் இது. ஜெல்லுல மெத்தாக்ரிலேட்னு ஒரு வகை வேதிப்பொருள் இருக்கு. பாட்டில்ல ஹெமா (HEMA)ன்னு போட்டிருப்பாங்க. அது முழுசா இறுகாம தோல்ல பட்டா அலர்ஜி வரலாம். லேம்ப்பும் ஜெல்லும் ஒத்துப் போகலன்னா, வெளிய கெட்டியா இருந்தாலும் உள்ள முழுசா இறுகாம இருக்கும். அந்த அலர்ஜி வந்துட்டா பொதுவா வாழ்நாள் பூரா கூடவே இருக்கும். பல் அடைக்கறதுலயும், மூட்டு மாத்தற ஆபரேஷன்ல பயன்படுத்தற சிமென்ட்லயும் இதே குடும்பத்துப் பொருள் இருக்கு. நகத்துக்காக அதுல சிக்கல் வரணுமா? பிரிட்டன் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018லயே வீட்டு ஜெல் கிட் பத்தி எச்சரிச்சிருக்காங்க. ஜெல்ல இறுக வெக்கறதுக்கு சேக்கற டிபிஓ (TPO)-ங்கற பொருள ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1லேர்ந்து அழகுசாதனத்துல தடையே பண்ணிடுச்சு.

நீளமா, பளபளன்னு வேணும்னா ப்ரெஸ் ஆன் நகம், அதாவது பசை போட்டு ஒட்டிக்கற ரெடிமேட் நகம் வாங்குங்க. பத்திரமா கழட்டுனா திரும்பவும் போட்டுக்கலாம். ஒண்ணு மட்டும் கவனம்: அந்த பசை பஞ்சு மேலயோ பருத்தித் துணி மேலயோ கொட்டுனா சட்டுனு சூடேறும், தோலே பொத்துப் போற அளவுக்கு. அதனால பஞ்சால தொடைக்காதீங்க. கழட்டும்போது சோப்பு, எண்ணெய் கலந்த வெதுவெதுப்பான தண்ணியில ஊற வெச்சு, தானா தளரட்டும். பிச்சு இழுத்தா உங்க நகத்தோட மேல் அடுக்கும் சேந்து வந்துடும்.

டாப் கோட் போட்டாச்சு. ரெண்டு மூணு நாள் கழிச்சு இன்னொரு மெல்லிசு டாப் கோட் போடுங்க, பாத்திரம் கழுவும்போது கையுறை மாட்டிக்கோங்க. ராத்திரி நகத்தச் சுத்தி ஒரு சொட்டு எண்ணெய்.

இப்ப வலது கை. இடது கையால போடறப்ப ஆடுதுன்னா, ப்ரஷ் பிடிச்ச கைய மேஜையில அழுத்தி வெச்சுக்கிட்டு, ப்ரஷ அசைக்காம விரல மெதுவா உருட்டுங்க. இதோ, இப்படி. தோல்ல பட்டுடுச்சா? காயறதுக்குள்ள சின்ன ப்ரஷ்ல ரிமூவர் தொட்டு ஓரத்த வழிச்சுடுங்க, நேர்க்கோடா வந்துடும்.