கேக் முதலில், கதாபாத்திரம் அடுத்து

பினாங்கு நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். பிள்ளையின் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே கார்ட்டூன் கேக் செய்வது பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். பினாங்கின் பெருநிலப் பகுதியில் உள்ள பிறையில் என் வீட்டுக்கு அக்கம்பக்கத்துத் தாய்மார்கள் கேக் பழக வருவார்கள். பெரும்பாலும் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். "இதைப் போலவே வர வேண்டும், அக்கா." படத்தில் கேக் மழமழவென்று இருக்கும். மேலே மலேசியக் கார்ட்டூன் சிறுவன் உபின் நிற்பான், பக்கத்தில் அவனுடைய இரட்டைச் சகோதரன் இபின், பின்னால் ஒரு கம்பத்து வீடு, அதாவது கிராமத்து வீடு, ஒரு தென்னை மரம். எல்லாமே ஃபாண்டன்ட் என்னும் சர்க்கரை மாவில் செய்தவை.

நான் அவர்களிடம் முதலில் கேட்பது, விருந்துக்கு யார் யார் வருகிறார்கள் என்பதைத்தான். கேக்கைச் சாப்பிடப் போகிறவர்கள் யார் என்று தெரியாமல் அதன் மேல் யாரை நிற்க வைப்பது என்று பேசிப் பயனில்லை.

நம் வீட்டு விருந்துகளை நினைத்துப் பாருங்கள். சைவ உணவே உண்ணும் பாட்டி இருப்பார். பிள்ளையோடு படிக்கும் மலாய்ச் சிறுவர்கள் வருவார்கள். எதிர்வீட்டுச் சீன அத்தை வருவார். ஒரே கேக்கை இத்தனை பேரும் தயக்கமில்லாமல் வாயில் வைக்க வேண்டும். இங்கே பலர் கவனிக்காமல் விடுவது, விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினை. மார்ஷ்மெல்லோவை உருக்கி ஃபாண்டன்ட் செய்தால் அதில் ஜெலட்டின் வந்துவிடும். கடையில் விற்கும் ஃபாண்டன்டிலும் சிலவற்றில் இருக்கும். ஹலால் முத்திரை இருந்தால் பன்றி இல்லை என்று நம்பலாம். மாடு இல்லை என்று அந்த முத்திரை சொல்வதில்லை. ஹலால் ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டிலிருந்து எடுப்பதுதான். மாட்டிறைச்சி உண்ணாத வீட்டில் பிள்ளையின் பிறந்தநாள் கேக்கிலேயே அது கலந்திருக்கலாமா? ஆகவே பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள். சிவப்புச் சாயத்தில் இ120 என்று போட்டிருந்தால் அது பூச்சியிலிருந்து எடுத்த கார்மைன். சைவ வீட்டுக்கு அதுவும் ஆகாது.

இனி அடிக் கேக். பண்டான் இலை மணக்கும் சிஃபோன் கேக் நம் ஊரில் எல்லோருக்கும் பிடித்தது, எனக்கும் பிடித்தது. ஆனால் அது பஞ்சு. கத்தி வைத்து வடிவம் வெட்டினால் அமுங்கிவிடும், மேலே பாரம் வைத்தால் உட்கார்ந்துவிடும். கார்ட்டூன் கேக்குக்கு வெண்ணெய்க் கேக்தான் சரி. நம் கடைகளில் சில வகை வெண்ணெய் 250 கிராம் கட்டியாக வருகிறது, கணக்கும் அதிலேயே அடங்கிவிடும். வெண்ணெய் 250 கிராம், சர்க்கரை 250 கிராம், சுயமாக உப்பும் மாவு 250 கிராம், பி கிரேடு முட்டை நான்கு. எட்டு அங்குலத் தட்டில், 170 டிகிரியில், ஏறத்தாழ ஐம்பது நிமிடம். முட்டை வேண்டாதவர்கள் ஒரு முட்டைக்குக் கால் கப் தயிர் என்று மாற்றி, அரைத் தேக்கரண்டி சமையல் சோடா சேர்க்கலாம். தயிர்க் கேக் சற்று உதிரும். எந்தக் கேக்கானாலும் இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் ரொட்டிக் கத்தியால் வெட்டுங்கள்.

நம்முடைய வெயில்தான் பெரிய சோதனை. பினாங்கில் பகலில் 32, 33 டிகிரி சாதாரணம். வெண்ணெய் உருகத் தொடங்கும் சூடும் ஏறக்குறைய அதுவே. குளிர் நாட்டுச் சமையல் குறிப்பை அப்படியே பின்பற்றினால், மெழுகுவத்தி ஏற்றுவதற்குள் உபினின் கன்னம் வழிந்துவிடும். ஃபாண்டன்டுக்கு வேறொரு தொல்லை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கூடத்தில் வைத்தவுடன் காற்றின் ஈரம் அதன் மேல் முத்து முத்தாகப் படிந்து, சாயம் கசிந்து, கையெல்லாம் பிசுபிசுக்கும். விருந்து முடிந்ததும் தட்டுகளைக் கவனித்திருக்கிறீர்களா? பிள்ளைகள் கேக்கைத் தின்றுவிட்டு ஃபாண்டன்டை உரித்து ஓரமாக வைத்திருப்பார்கள். இரவெல்லாம் கண்விழித்துச் செய்தது குப்பைக்குப் போகிறது. எனக்கு அதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை.

அதனால் நான் சொல்வது பட்டர்கிரீம். ஐசிங் சர்க்கரை அரைக் கிலோவுக்கு வெண்ணெய் 125 கிராம், தாவர எண்ணெயில் செய்த கெட்டிக் கொழுப்பான ஷார்ட்டனிங் 125 கிராம். பாதிக்குப் பாதி கலந்தால் நம் வெயிலை ஓரளவு தாங்கும். ஷார்ட்டனிங்கைப் பாதிக்கு மேல் கூட்டாதீர்கள்; நாக்கில் மெழுகு பூசியது போலாகிவிடும்.

இப்போது கதாபாத்திரத்துக்கு வருவோம். ஒரு பிள்ளை தன் கார்ட்டூன் நண்பனை எதை வைத்து அடையாளம் காண்கிறது? இரண்டு மூன்று குறிகள் போதும். உபினுக்குத் தலையில் ஒற்றை மயிர்க்கற்றை, மஞ்சள் சட்டை. இபினுக்கு மொட்டைத் தலை, நீலச் சட்டை, கழுத்தில் சிவப்புத் துணி. ஜப்பானியக் கார்ட்டூன் பூனை டோரேமோனுக்கு நீல வட்டம், அதற்குள் வெள்ளை முகம், சிவப்பு மூக்கு, பக்கத்துக்கு மூன்று மீசை, கழுத்தில் மணி. காதே கிடையாது. முதன்முதலாகச் செய்கிறவர்களுக்கு டோரேமோனையே பரிந்துரைப்பேன், வட்டத் தட்டில் சுட்டால் பாதி வேலை முடிந்தது. எந்தக் குறி முக்கியம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். பெரியவர்கள் சட்டை மடிப்பை வரைந்துகொண்டிருப்போம். பிள்ளை மணியைத் தேடும்.

வரையத் தெரியாது என்று கைவிரிப்பவர்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. படத்தைக் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாற்றி அச்செடுங்கள். அதன் மேல் பேக்கிங் தாளை விரித்து ஒட்டுங்கள். உருக்கிய கறுப்புச் சாக்லேட்டைச் சிறு பையில் நிரப்பி, நுனியை ஊசித் துவாரம் போல வெட்டி, கோடுகளை மட்டும் இழுங்கள். உறைபெட்டியில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அதற்குரிய நிறப் பட்டர்கிரீமைப் பிழியுங்கள். கண்ணின் வெள்ளைப் புள்ளி போன்ற சின்னச் சின்ன இடங்கள் முதலில், பெரிய இடங்கள் பிறகு. கடைசியாக முழு உருவத்தின் மேலும் ஒரு மெல்லிய பூச்சு. பிறகு மறுபடி உறைபெட்டி, ஒரு மணி நேரமாவது. கல்லாக உறைந்ததும் கேக்கின் மேல் கவிழ்த்துத் தாளை மெதுவாக உரித்தால், கோடு பிசகாத முகம் மேலே வந்து நிற்கும். வேர்க்க விடாமல் விரைந்து செய்ய வேண்டும். அந்தத் தாளை உரிக்கும் வேலையைப் பிள்ளைக்குக் கொடுங்கள், அதற்கு ஈடான பரிசு கடையில் கிடைக்காது.

நிறம் பற்றிச் சுருக்கமாக. ஜெல் சாயம் வாங்குங்கள், தண்ணீர்ச் சாயம் கிரீமை நெகிழ வைக்கும். ஆழ்ந்த சிவப்புக்குச் சாயம் நிறைய வேண்டும், கசக்கவும் செய்யும். எனவே இபினின் கழுத்துத் துணி போன்ற சிறிய இடத்தோடு நிறுத்துங்கள். கறுப்பு வேண்டுமானால் கோக்கோ கலந்த கிரீமில் தொடங்குங்கள். முதல் நாளே கலந்து வைத்தால் நிறம் தானாகவே அடர்த்தியாகும். வெளிர் நீலத்துக்கு நம் வேலியில் பூக்கும் சங்குப்பூவே போதும். சீன, மலாய்ச் சமையல் கலந்த நியோன்யா பலகாரமான பூலுட் தாய் தாய்க்கு நீலம் தருவது அந்தப் பூதான். எலுமிச்சை மட்டும் பட்டுவிடக் கூடாது, ஊதாவாகிவிடும்.

வீட்டுப் பிள்ளைக்குச் செய்வதைத்தான் இதுவரை சொன்னேன். விற்பனைக்கு என்றால் அந்த உருவம் இன்னொருவரின் உடைமை. உரிமையாளரின் அனுமதி இல்லாமல் காசு வாங்காதீர்கள்.

தாத்தா வீடு தீவில், நீங்கள் பிறையில் என்றால், 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தைக் கேக்கும் கடக்க வேண்டும். மடியில் வைக்காதீர்கள், இருக்கையிலும் வேண்டாம், அது சாய்வானது. நன்றாகக் குளிர்ந்த கேக்கை அட்டைப் பெட்டியில் வைத்து, காரின் முன்பக்கத் தரையில், குளிர்காற்று படும் இடத்தில் இறக்குங்கள். பெட்டியின் அடியில் வழுக்காத விரிப்பு ஒன்று போடுங்கள்.

வெட்டும் நேரத்துக்கும் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளை, தன் நண்பனின் முகத்தில் கத்தி இறங்குவதைப் பார்த்தால் ஓவென்று அழுதுவிடும். அதைப் பிடிவாதம் என்று அதட்டாதீர்கள். அடிக் கேக்கை ஓர் அங்குலம் அகலமாகச் சுட்டு, முகத்தைச் சுற்றி வெறும் ஓரம் விடுங்கள். பாட்டுப் பாடி முடித்ததும் அந்த ஓரத்திலிருந்து வெட்டத் தொடங்கலாம். அல்லது உருவத்தைத் தனியாக ஒரு சிறிய கேக்கில் செய்து, மெல்லிய அட்டை மேல் வைத்து, பெரிய கேக்கின் மேல் அமர்த்துங்கள். வந்தவர்களுக்குக் கீழே உள்ளதை வெட்டிக் கொடுத்துவிட்டு, மேலே உள்ளதைக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடலாம். மறுநாள் காலையில் பிள்ளையே கரண்டியோடு வந்து, மூக்கிலிருந்து தொடங்கட்டுமா, மணியிலிருந்து தொடங்கட்டுமா என்று கேட்கும்.