பழைய வின்செஸ்டர் ரைஃபிளின் நிலையை மதிப்பிடுதல்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். பழம்பொருள் சேகரிப்பவர்கள் ஒரு பழைய லீவர் ஆக்‌ஷன் ரைஃபிளை எப்படிப் பார்த்து மதிப்பிடுகிறார்கள் என்பது பற்றிப் பேச இந்நிகழ்ச்சியில் எனக்கு வாய்ப்பளித்திருக்கிறார்கள். பொதுப்படையாகப் பேசினால் எதுவும் மனத்தில் நிற்காது என்பதால், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், நியூ ஹேவன் நகரத் தொழிற்சாலையில் உருவான வின்செஸ்டர் 1873 என்னும் ஒரே மாதிரியை எடுத்துக்கொள்கிறேன். விசைக்குக் கீழே வளையம் போலிருக்கும் லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், சுட்டு முடித்த தோட்டாவின் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றி, குதிரை எனப்படும், தோட்டாவைச் சுட வைக்கும் சுத்தியலையும் நிமிர்த்தி வைத்துவிடும் அமைப்பு இது. 1860-ஆம் ஆண்டின் ஹென்றி ரைஃபிளிலிருந்தும், பித்தளை நிற உடல் கொண்ட 1866-ஆம் ஆண்டு வின்செஸ்டரிலிருந்தும் வளர்ந்து வந்த இந்த மாதிரியில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரைஃபிள்கள் செய்யப்பட்டன. ஆகவே, வெறும் அரிதான பொருள் என்பதற்காக இதற்கு விலை ஏறுவதில்லை. ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு ரைஃபிள்களில் ஒன்று மற்றொன்றைப் போலப் பல மடங்கு விலை போவதற்குப் பெரும்பாலும் அதன் நிலையே காரணம்.

கையில் எடுத்தவுடன் செய்ய வேண்டியது, குழலின் வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்துக்கொண்டு லீவரைத் திறந்து, உள்ளே தோட்டா இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பார்ப்பது. குழலுக்கு அடியில் ஓடும் தோட்டாக் குழாயில் பல ஆண்டுகளாக ஒரு தோட்டா சிக்கிக் கிடக்கக்கூடும் என்பதால் அதையும் சோதித்த பிறகே மற்றவை.

நிலை என்றவுடன் பலர் பளபளப்பைத்தான் நினைக்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, தொழிற்சாலையிலிருந்து புறப்பட்டபோது இருந்த பாகங்கள் எல்லாம் இன்றும் அதே துப்பாக்கியில் இருக்கின்றனவா என்பதே. 1873 மாதிரியில் இதற்கு நல்ல சாட்சி, ரிசீவர் எனப்படும் நடு உடலின் மேல் முன்னும் பின்னுமாக நகரும் தூசி மூடி. தொடக்க கால ரைஃபிள்களில் அது ரிசீவரிலேயே வெட்டப்பட்ட பள்ளங்களில் ஓடியது. பிறகு திருகாணிகளால் பொருத்திய தனித் தண்டவாளத்தில் ஓடியது. கடைசியில் அந்தத் தண்டவாளம் ரிசீவரோடு சேர்த்தே செய்யப்பட்டது. எளிதில் கழன்று தொலைந்துபோகும் பாகம் அது என்பதால், வேறொரு காலத்து மூடியைத் தேடிப் பொருத்திவிடுவது வழக்கமாக நடக்கிறது. கீழ்ப்புறம் வால் போல நீளும் பகுதியில் உள்ள வரிசை எண்ணையும் மூடியின் வகையையும் ஒப்பிட்டால் இந்தக் கலப்பு தெரிந்துவிடும். அமெரிக்கச் சட்டத்தில் 1898-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டவையே பழங்காலத் துப்பாக்கிகளாகக் கொள்ளப்படுவதால், அந்த வரிசை எண்ணுக்குச் சட்ட முக்கியத்துவமும் உண்டு.

அடுத்தது குழல். ரைஃபிளின் வழக்கமான குழல் ஏறத்தாழ 24 அங்குலம், கார்பைன் எனப்படும் குட்டை வடிவத்தினது 20 அங்குலம். வாய் சிதைந்த குழலை நுனியில் அறுத்துச் சரிசெய்வது அந்நாளில் சாதாரண வேலை. அறுத்த குழலில், குறிபார்க்க உதவும் முன் குறிமுள் நுனியிலிருந்து இருக்க வேண்டிய தொலைவில் இராது. குழலின் வாயும் தொழிற்சாலை செய்த வளைவோடு இராது. தொழிற்சாலையிலேயே சிறப்பு ஆணையின் பேரில் குட்டையாகச் செய்தவையும் உண்டு என்பதால், அளவு குறைந்ததை மட்டும் வைத்து முடிவு சொல்லிவிடக் கூடாது. இன்னொரு தடயம், வட்டத்துக்குள் டபிள்யூ, பி என்னும் இரண்டு எழுத்துகள் பின்னிய சோதனை முத்திரை. வின்செஸ்டர் அந்த முத்திரையை 1905-ஆம் ஆண்டில்தான் பயன்படுத்தத் தொடங்கியது. 1885-இல் பிறந்த ரைஃபிளின் குழலில் அது இருந்தால், ஒன்று குழல் பின்னாளில் மாற்றப்பட்டிருக்க வேண்டும், அல்லது ரைஃபிள் பழுதுபார்க்கத் தொழிற்சாலைக்குத் திரும்பிச் சென்றிருக்க வேண்டும். இரண்டாவது நிகழ்ந்திருந்தால் அதைக் குறையாகக் கருதாமல் அதன் வரலாற்றின் ஒரு பகுதியாகவே நான் கொள்வேன்.

இனி மேற்பரப்பு. எஃகின் மேல் தெரியும் நீலம் சாயமோ வண்ணமோ அல்ல. கட்டுப்பாட்டோடு உண்டாக்கப்பட்ட ஆக்சைடு படலம் அது. கையில் தூக்கிச் சென்ற இடத்தில், அதாவது ரிசீவரின் அடிப்பகுதியில், அது முதலில் தேய்ந்து சாம்பல் நிறமாகும். குதிரையில் உரசும் உறையினாலும் சேணத்தினாலும் ஓரங்களில் மெலியும். கை எட்டாத மூலைகளில் மட்டும் நீலம் மிஞ்சி நிற்கும். இந்தத் தேய்மானத்துக்கு ஒரு நியாயம் உண்டு. கை படும் இடத்தில் நீலம் முழுமையாகவும் கை படாத இடத்தில் துருக்குழியும் இருக்கும் ரைஃபிளைக் கண்டால், அதற்கு மறுபடி நீலம் ஏற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும்.

அந்தச் சந்தேகத்தை உறுதி செய்ய இந்த மாதிரியைப் போல உதவுவது வேறில்லை. இதன் ரிசீவரின் இரு பக்கங்களிலும் கழற்றக்கூடிய தகடுகள் உள்ளன. கை வைக்கப்படாத ரைஃபிளில் அந்தத் தகடும் ரிசீவரும் சேரும் கோடு மயிரிழைபோல இருக்கும். நகத்தை ஓட்டினாலும் தடை தெரியாது. மெருகேற்றும் சக்கரத்தில் ஒருமுறை பிடித்துவிட்டால் அந்த விளிம்பு இரண்டு பக்கமும் உருண்டு, கோடு ஒரு சிறு வாய்க்காலாகிவிடும். திருகாணித் துளைகளின் ஓரம் கிண்ணம்போல் குழிந்திருக்கும். குழலின் மேலுள்ள நிறுவன முகவரியின் எழுத்துகளில் சில ஆழமாகவும் சில மேலோட்டமாகவும் இருக்கும். எட்டுப் பட்டைக் குழலாக இருந்தால் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். நேர்கோடாகத் தெரிய வேண்டிய ஒளி நெளிந்து தெரியும். எவ்வளவு பூசி மெழுகினாலும் இழந்த உலோகம் திரும்பி வராது. வெட்டுப்பட்டுச் சிதைந்த திருகாணித் தலைகளும் அனுபவமற்ற கை உள்ளே புகுந்ததைச் சொல்லிவிடும்.

மரக்கட்டையிலும் இதே சோதனைதான். புதிதாக இருந்தபோது மரம் உலோகத்தைவிட மயிரளவு உயர்ந்து நிற்கும்படி பொருத்தினார்கள். உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் அடித்த கட்டை உலோக விளிம்புக்குக் கீழே இறங்கியிருக்கும். சிராய்ப்பும் அழுக்கும் படிந்த பழைய கட்டையைவிட அந்தப் பளபளப்பான கட்டை மதிப்புக் குறைந்தது என்பதைப் புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் ஏற்கத் தயங்குகிறார்கள். சிறப்பு ஆணையில் செய்யப்பட்ட ரைஃபிள்களில், தோளில் பதியும் கட்டையின் முனையை மூடும் பின்தகட்டைக் கழற்றினால், தகட்டின் உட்புறத்திலும் மரத்திலும் ரிசீவரின் மேல்வாலிலும் ஒரே பொருத்து எண்ணைக் காணலாம். கழற்றிக் காட்ட விற்பவரிடம் கேட்பதில் தவறேதும் இல்லை.

குழலின் உட்புறம் கரிமருந்தும், தோட்டாவின் பின்புறத்தில் அதைப் பற்றவைக்கும் தொப்பியின் பழைய ரசாயனமும் அரித்ததால் பெரும்பாலும் இருண்டே கிடக்கும். அமெரிக்காவின் தேசிய ரைஃபிள் சங்கம் வகுத்த தர வரிசை இதில் ஒரு நியாயத்தைக் கடைப்பிடிக்கிறது. பழங்காலத் துப்பாக்கிகளில் 'மிகச் சிறப்பு' என்ற தரத்துக்கு எல்லாப் பாகங்களும் அசலாகவும், அசல் மேற்பூச்சு 80 விழுக்காட்டுக்கு மேலும் இருக்க வேண்டும். அதற்கு அடுத்த தரத்துக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் போதும். அதற்கும் அடுத்த தரத்தில் பூச்சு அறவே இல்லாவிட்டாலும், உலோகம் வழவழப்பாகவும் விளிம்புகள் கூர்மையாகவும் இருந்தால் போதும். குழலின் உட்புறம் கணக்கிலேயே கொள்ளப்படுவதில்லை. மறுபடி நீலம் ஏற்றிய ரைஃபிள் எவ்வளவு மின்னினாலும் இதற்கும் கீழ்ப்படியில்தான் நிற்கும். விழுக்காட்டைக் கண்மதிப்பாகச் சொல்லாமல், குழல், தோட்டாக் குழாய், ரிசீவர், லீவர் என்று தனித்தனியாக மதிப்பிட்டுக் குறித்துக்கொண்டால் விற்பவரின் உற்சாகம் நம்மைத் தொற்றாது.

எல்லாம் பார்த்தபின் ஒரு கடிதம் தேவை. வின்செஸ்டரின் பழைய கிடங்குப் பேரேடுகள் வயோமிங் மாநிலத்தின் கோடி நகரிலுள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. வரிசை எண்ணைக் கொடுத்துக் கேட்டால், அந்த எண்ணுக்குப் பதிவு இருக்கும் பட்சத்தில், அது ரைஃபிளா கார்பைனா, குழல் உருண்டையா எண்பட்டையா, விசை எவ்வகை, கிடங்கிலிருந்து எந்த நாளில் வெளியேறியது, பழுதுபார்க்கத் திரும்பி வந்ததா என்பவற்றை எழுதித் தருவார்கள். கடிதம் எண்பட்டைக் குழல் என்று சொல்ல, கையில் இருப்பது உருண்டைக் குழலாக இருந்தால், பழுதுபார்த்த பதிவும் இல்லாத நிலையில், அதை அசல் என்ற விலைக்கு வாங்க வேண்டாம். பணத்தைக் கொடுப்பதற்கு முன் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரைஃபிளை இன்னொரு முறை நுனி முதல் பின்தகடு வரை பார்த்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.